கூடையில் தொங்கிய மூச்சு

ரிமி ஒரு பொத்தானைத் தட்டினாள். ஒரு முழு ரீல் வசனத்தில் இருந்த மூச்செல்லாம் காணாமல் போனது.

கல்கத்தா நியூ டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் அவளுக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. சினிமாவுக்கு ஒலி சேர்க்கிற பெண். நான் வேலையை விட்ட பிறகும் அவ்வப்போது கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, பழைய கதை ஏதாவது சொல்லச் சொல்வாள். அன்று புதிதாக வாங்கிய சாஃப்ட்வேரைக் காட்டினாள். நடிகர்கள் ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் மூச்சு வாங்குவார்கள் அல்லவா, அதை இது தானே தேடிப் பிடித்துத் துடைத்துவிடுமாம்.

"எங்க போச்சு?" என்றேன்.

"எது காக்கு?" காக்கு என்றால் சித்தப்பா. அங்கே தலை நரைத்தவன் எல்லோருமே யாருக்காவது காக்குதான்.

"அந்த மூச்செல்லாம்."

"எங்கயும் போகல. டிலீட் ஆயிடுச்சு."

"திரும்ப வேணும்னா?"

"மூச்சு எதுக்குத் திரும்ப வேணும்?" என்று சிரித்தாள்.

பவானி பாபுவைப் பற்றி அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு ஃபோன் வந்துவிட்டது. பாதிக் கதை வயிற்றில் நின்றால் எனக்கு ஜீரணம் ஆகாது. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைத் திட்ட வேண்டாம். அது என்னைத் திருத்தப் பார்த்தது, பாவம்.

என் பெயர் பழனி. கல்கத்தாவில் போலோனி. வங்காளிகள் வாயில் 'அ' பெரும்பாலும் 'ஓ' ஆகித்தான் வெளியே வரும். 'ழ'வின் கதியைச் சொல்லவே வேண்டாம். அந்த முருகனே வந்து கேட்டிருந்தாலும் எந்த ஊர்க்காரன் என்று குழம்பியிருப்பான்.

அப்பா தூத்துக்குடிக்காரர். கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எட்டாம் வகுப்போடு எனக்கும் படிப்புக்கும் பேச்சுவார்த்தை முறிந்தபோது, தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவர் மூலமாக டாலிகஞ்சில் ஒரு ஸ்டுடியோவில் கொண்டுபோய்விட்டார். "படிப்புதான் மண்டையில ஏறல. வயராவது ஒழுங்கா சுத்துலே" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டிராம் ஏறினார்.

வயர் சுற்றினேன். தரை கூட்டினேன். நீளக் கம்பில் மைக்கைக் கட்டி நடிகர்கள் தலைக்கு மேல் பிடித்தேன். ஒரு தடவை நின்றபடியே தூங்கி, மைக்கைக் கதாநாயகியின் கொண்டையில் இறக்கினேன். சினிமாவில் நான் செய்ததில் திரையில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே கைங்கரியம் அது. அதையும் எடிட்டர் வெட்டிவிட்டார். இப்படியாகச் சில வருஷம் உருண்டு, ஒலிப்பதிவு அறைக்குள் நீரேன்தாவுக்கு முன்னால் ஒரு நாற்காலி கிடைத்தது.

முன்னால் என்று சொன்னது சும்மா இல்லை. நீரேன்தா எங்கள் தலைமை ஒலிப்பதிவாளர். பெயர் நீரேன்; 'தா' என்பது 'தாதா'வின் சுருக்கம், அங்கே அதற்கு அண்ணன் என்றுதான் அர்த்தம். ஆனால் மெஷினுக்கு முன்னால் உட்கார மாட்டார். என்னை உட்காரவைத்துவிட்டு, பின்னால் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். செருப்பை வெளியே விட்டிருப்பார். கண்ணை மூடிக்கொள்வார். வலது கை முழங்கால்மேல் இருக்கும். பதிவில் ஏதாவது தப்பு வந்தால் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழும்பும். அவ்வளவுதான். திட்ட மாட்டார். என்ன தப்பு என்றும் சொல்ல மாட்டார். அதைக் கண்டுபிடிப்பது என் வேலை. மேலே போன விமானமாக இருக்கும், வளையலாக இருக்கும், சாப்பாட்டு வேளை தள்ளிப்போன நடிகரின் வயிறாகக்கூட இருக்கும். எனக்கு முன்னால், நடிகர் நிற்கும் அறையைப் பார்த்த கண்ணாடித் தடுப்பில் அந்த விரலின் பிம்பம் விழும். நான் நடிகரைப் பார்த்ததைவிட அந்த விரலைப் பார்த்ததுதான் அதிகம்.

அப்போது வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தொண்ணூறுகளின் கதை. படப்பிடிப்பில் கேமரா தையல் மெஷின் மாதிரி கடகடக்கும். அங்கே பதிவான பேச்சு வழிகாட்டிக்கு மட்டும்தான். பிறகு நடிகர்கள் எங்கள் அறைக்கு வந்து, திரையில் திரும்பத் திரும்ப ஓடும் தங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டு மறுபடி பேச வேண்டும். அந்தப் பேச்சு, சினிமாப் பிலிம் அகலத்திலேயே இருக்கும் பழுப்பு நிற மேக்னடிக் பிலிமில் பதிவாகும். அதை பிளேடால் வெட்டலாம், டேப்பால் ஒட்டலாம். துணிக்கடைக்காரன் மாதிரி அளந்து கிழிக்கலாம்.

வெட்டுவது என் வேலை. உதடு பிரியும் சத்தம், காகிதம் புரளும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். எடுத்த துண்டுகளைப் போட ஒரு கூடை உண்டு. இரும்புச் சட்டத்தில் துணிப்பை கட்டி, மேலே வரிசையாகக் கொக்கி வைத்தது. அதில் கருவாடு காயப்போட்ட மாதிரி துண்டுகள் தொங்கும். படம் சென்சார் முடிந்து வெளியே போகும்வரை அதில் ஒரு துண்டைக்கூட எறியக் கூடாது. இது நீரேன்தா போட்ட சட்டம். நான் ஒரு தடவை ஒரு நடிகையின் இருமலை எறிந்துவிட்டேன். மறுநாள் இயக்குநர் வந்து, கதையில் அவளுக்குக் காசநோய் வந்துவிட்டது, இருமல் வேண்டும் என்றார். குப்பைத் தொட்டிக்குள் தலைகீழாக நின்று தேடினேன். அதற்குப் பிறகு எதையும் எறிந்ததில்லை.

இவ்வளவு பெரிய ஒலிப்பதிவுப் புலியாகிய எனக்கு ஒரு குறை இருந்தது. வங்காளத்தில் 'ப' ஒற்றை ஆள் இல்லை. நாலு அண்ணன் தம்பிகள். அதில் இரண்டு பேர் மூச்சை விட்டுக்கொண்டு வருவார்கள். 'க', 'ச', 'ட', 'த' வீட்டிலும் இதே கணக்கு. தமிழில் வளர்ந்த என் காதுக்கு அந்த நாலு பேருக்கும் ஒரே முகம். நல்லது என்பதற்கு அவர்கள் 'ப்ஹாலோ' என்பார்கள். நான் 'பாலோ' என்பேன். கேட்கும்போதும் எனக்கு 'பாலோ'தான் கேட்கும். கேடயத்துக்கு அங்கே 'ட்ஹால்'. சண்டைக் காட்சிக்கு 'டால்' வந்திருக்கிறது என்று நான் சொன்னால், பருப்பு வந்திருப்பதாக நினைத்து சமையற்காரர் எழுந்து வருவார். ஸ்டுடியோவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நீரேன்தாவின் விரல் இருக்கும்வரை எனக்கு என்ன கவலை?

பவானி பாபு வந்தது அந்த விரல் இல்லாத நாட்களில்.

பவானி என்றதும் நம்மவர்களுக்கு ஓர் ஆறோ ஓர் அத்தையோ நினைவுக்கு வரும். இவர் ஆறடி உயர ஆண். பாபு என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. மேடை நாடகத்தில் கடைசி வரிசைக்காரனுக்கும் மைக் இல்லாமல் கேட்கும்படி பேசியவர். சினிமாவில் அப்பா வேஷம், ஜமீன்தார் வேஷம், நீதிபதி வேஷம். முன்பெல்லாம் அவர் வாயைத் திறந்தால் நான் மைக்கை ஓரடி தள்ளி வைப்பேன். அந்தக் குரலுக்கு இப்போது நுரையீரல் போய்விட்டது. மாடிப்படி ஏறி வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கை அசைத்து 'பொறு' என்பார். பேச்சு வருவதற்கு வெகுநேரம் ஆகும்.

சௌமிக் என்ற இளம் இயக்குநரின் படம் அது. பவானி பாபுதான் முக்கியமான அப்பா. மனைவி போன பிறகு ஒற்றை மகளை வளர்த்து, படிக்கவைத்து, கடைசியில் ஹவுரா ஸ்டேஷனில் ரயிலேற்றி அனுப்பிவிட்டுத் தனியாக நிற்கிற அப்பா. படப்பிடிப்பு முடிந்திருந்தது, டப்பிங் பாக்கி. அந்த நேரம் பார்த்து நீரேன்தாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். சௌமிக் மிச்சக் காட்சிகளை எடுக்க மலைப்பக்கம் போயிருந்தார். ரெண்டு பேரும் வரட்டும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் பவானி பாபு ஃபோன் செய்தார்.

"போலோனி, நாளைக்கு வரேன். எடுத்துடலாம்."

"நீரேன்தா இல்லையே பாபு. இன்னும் கொஞ்ச நாள்ல வந்துடுவார்."

"அவன் எதுக்கு? நீ இருக்கியே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய நடிகர் என்னை நம்பித் தனியாக வருகிறார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். என் மனைவி மட்டும், "அவருக்கு உடம்பு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டாள்.

பல நாட்கள் வந்தார். காலையில் கொஞ்ச நேரம்தான் பேச முடியும். நடுநடுவே வெந்நீர். என் மனைவி கொடுத்துவிட்ட இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு விழுங்குவார். "வங்காளி சாப்பாட்டுல முள்ளு இருக்கு, மார்வாடி சாப்பாட்டுல நெய் இருக்கு. நோயாளிக்குன்னே சமைக்கறது நீங்க மதராசிங்கதான்டா" என்பார். பிறகு மைக் முன்னால் நிற்பார். திரையில் அவர் உதடு அசையும், இங்கே அவர் பேசுவார். ஒவ்வொன்று முடிந்ததும் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார்.

"சரியா இருந்துதா?"

"ஓகே பாபு."

"நெஜமா?"

"நெஜமா. உதடும் பேச்சும் ஒட்டிக்கிச்சு."

நான் பொய் சொல்லவில்லை. உதட்டோடு பேச்சு ஒட்டியது. குரலில் அந்த அப்பா இருந்தார். எனக்குக் கேட்டதெல்லாம் நன்றாகவே கேட்டது. பேசிப் பேசி அவர் இழுத்த மூச்சும் விட்ட மூச்சும்தான் ஏராளம். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக் கூடையில் தொங்கவிட்டேன். கூடை நிறைந்து வழிந்தது.

சௌமிக் மலையிலிருந்து திரும்பி வந்து முதல் ரீலைக் கேட்டார். அவருடைய உதவி இயக்குநரும் கூட உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சௌமிக் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போலோனிதா, இது என்ன?"

"என்ன?"

"என்னவா? காதுல பஞ்சா வச்சிருந்தீங்க? ஒரு எழுத்துலயும் மூச்சு இல்லையே. 'ப்ஹ' இல்ல, 'த்ஹ' இல்ல, ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் முழுங்கிட்டாரு. குழந்தை பேசற மாதிரி இருக்கு."

நான் மறுபடி கேட்டேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைசி ரீலைப் போட்டார்கள். ரயில் நகரும்போது அப்பா மகளைப் பார்த்து, நல்லபடியாக இரு என்று சொல்ல வேண்டும். வங்காளத்தில் 'ப்ஹாலோ த்ஹேகோ'. பவானி பாபுவின் வாயில் அது 'பாலோ தேகோ' என்று வந்திருந்தது. கொஞ்சம் அசந்தால் அது 'டேகோ' என்று காதில் விழும். 'டேகோ' என்றால் அங்கே வழுக்கைத் தலையன். உதவி இயக்குநர் வெடித்துச் சிரித்துவிட்டார். "மகளைப் பாத்து 'நல்ல வழுக்கை'ங்கறாரு!"

சௌமிக் சிரிக்கவில்லை. "இதுதான். இதுதான் தியேட்டர்ல நடக்கப்போவுது" என்றார். "படம் முழுக்க அழுதுட்டு வந்த ஜனம் கடைசியில அவர் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கும். அவருக்கு அது வேணுமா?"

மறுபடி பேசவைக்க வழியில்லை. அதற்குள் பவானி பாபுவைப் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வானொலி நாடகத்தில் பேசுகிற ஒருவர் பவானி பாபு மாதிரியே பேசுவார். அவரை வைத்து முழுவதையும் மாற்றிவிடலாம் என்று முடிவானது. சௌமிக் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் எதுவும் தப்பில்லை என்பதுதான் என்னைத் துளைத்தது.

யார் சொன்னார்களோ, செய்தி பவானி பாபுவுக்குப் போய்விட்டது. ஸ்டுடியோவுக்கு ஃபோன் வந்தது.

"போலோனி, என் மூஞ்சிக்குள்ள வேற ஒருத்தன் பேசப்போறானாமே."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"மூஞ்சி மேக்கப்காரன் போட்டது. நடை சௌமிக் சொல்லிக் கொடுத்தது. வேட்டி கம்பெனியோடது" என்றார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று நின்று சொன்னார். "குரல் ஒண்ணுதான்டா நான் வீட்லேருந்து கொண்டு வந்தது. அடுத்த படம்னு ஒண்ணு எனக்கு இல்ல. உனக்கே தெரியும்." 

வைத்துவிட்டார்.

நீரேன்தா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். ஆபரேஷன் கண்ணில், வேலை செய்வதோ கண்ணை மூடிக்கொண்டு. அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. ரீல்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். தடுப்புக் கண்ணாடியில் பார்த்தேன். விரல் எழும்பியது, இறங்கியது, எழும்பியது. கடைசியில் இறங்கவே இல்லை.

"இதை நீ கேக்கலையா?" என்றார். அவர் என்னிடம் காரணம் கேட்டதே அப்போதுதான் முதல் தடவை.

"எனக்குக் கேக்காதே தாதா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருக்கும் தெரியும்" என்றார். அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

சௌமிக் பக்கத்தில் நின்றிருந்தார். "வேற ஆளைத் திங்கட்கிழமை வரச் சொல்லிட்டேன், நீரேன்தா. வேற வழி என்ன இருக்கு? அவருகிட்ட மூச்சே இல்லையே."

எனக்குச் சங்கடமான நேரத்தில் வாய் தானாக ஓடும். கோயிலிலும் சாவு வீட்டிலும் அடி வாங்கியிருக்கிறேன். அன்றும் ஓடியது. கூடையைக் காட்டி, "மூச்சு இல்லாம என்ன? அதோ கிலோ கணக்குல தொங்குதே. வரவேண்டிய எழுத்துல வராம லேட்டா வந்துருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

சௌமிக் முறைத்தார். நீரேன்தா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிவந்த கண்ணோடு கூடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் அவரோடதா?"

"எல்லாம் அவரோடதுதான். ஒண்ணும் எறியல."

"சௌமிக், திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல? நீ வீட்டுக்குப் போ."

இப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது. முதலில் மூச்சுகளைப் பிரித்தேன். ஒவ்வொரு துண்டையும் மெஷினில் ஓட்டிக் கேட்டு, உள்ளே இழுத்தது ஒரு பக்கம், வெளியே விட்டது ஒரு பக்கம் என்று கொக்கியில் மாட்டினேன். இழுத்த மூச்சு இதற்கு ஆகாது. வெளியே வந்த மூச்சுதான் எழுத்தாகும். இழுத்தது நிறைய இருந்தது. விட்டது கொஞ்சம்தான்.

பிறகு நீரேன்தா கண்ணை மூடி உட்கார்ந்தார். நான் வசனத்தை ஓட்டினேன். மூச்செழுத்து வரவேண்டிய இடத்தில் விரல் எழும்பும். நான் அங்கே நிறுத்தி, பிலிமின் முதுகில் வெள்ளைப் பென்சிலால் கோடு போடுவேன். அதே நீளத்துக்கு இன்னொரு வெற்றுப் பிலிமை எடுத்து, கோடு வரும் இடத்தில் ஒரு மூச்சுத் துண்டை ஒட்டுவேன். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பேச்சின் மேல் மூச்சு விழ வேண்டும்.

முதல் துண்டை ஒட்டி ஓட்டினோம். பவானி பாபு நல்லது என்று சொல்லும் இடத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் புலி ஒன்று நின்று மூச்சுவிட்டது. துண்டு அவ்வளவு நீளம். குறைத்தேன். தும்மல் ஆனது. மறுபடி குறைத்தேன். வெட்டின இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிளேடைச் சாய்த்து, வாழைக்காய் சீவுகிற மாதிரி இரண்டு முனையையும் சரிவாக வெட்டினேன். துண்டு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. ஒட்டி ஓட்டினேன்.

விரல் எழும்பவில்லை.

"வந்துருச்சா தாதா?"

"வந்துருச்சு."

எனக்கு முன்னும் அதே 'பாலோ', பின்னும் அதே 'பாலோ'. நாக்குச் செத்தவன் கல்யாணத்துக்குச் சமைத்த மாதிரி அத்தனை ரீலையும் செய்து முடித்தேன். உப்பு பார்த்தது அவர். கரண்டி மட்டும்தான் என்னுடையது. சில இடங்களில் துண்டை ஒட்டிய பிறகு நீரேன்தா அதையே இன்னொரு தடவை ஓட்டச் சொல்வார். சின்ன வயதில் பவானி பாபுவின் நாடகங்களைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். அவருக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ரீலின் கடைசி வசனத்துக்கு வந்தோம். கொக்கியில் இரண்டு மூன்று மூச்சு மிச்சம் இருந்தது. இதற்கென்றே நல்லதாக இரண்டை ஒதுக்கி வைத்திருந்தேன், 'ப்ஹ'வுக்கு ஒன்று, 'த்ஹ'வுக்கு ஒன்று. ஓட்டினேன். ரயில் ஊதுகிறது. மகள் சன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறாள். அப்பா சொல்கிறார். கண்ணாடியைப் பார்த்தேன். கை முழங்கால்மேல் இருந்தது. விரல் அசையவில்லை.

தூங்கிவிட்டாரோ என்று மறுபடி ஓட்டினேன். அசையவில்லை.

"தாதா, இதுலதான் அவங்க சிரிச்சாங்க."

"தெரியும்."

"ரெண்டு மூச்சு தனியா வச்சிருக்கேன்."

"அதை அங்கயே விடு" என்றார். எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை சௌமிக் வந்தார். வானொலிக்காரரும் வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ரீல் ரீலாகப் போட்டோம். முதல் ரீலில் சௌமிக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் நிமிர்ந்தார். மூன்றாவதில் என் தோளைப் பிடித்தார். பிடித்த இடம் வலித்தது, நான் சொல்லவில்லை. கடைசி ரீலையும் மாட்டினேன். இத்தனை செய்துவிட்டு, அந்த ஒரு வசனத்தால் எல்லாம் போய்விடும் என்று நீரேன்தா மேல் எனக்கு உள்ளுக்குள் கோபம்.

ரயில் ஊதியது. அப்பா சொன்னார். படம் முழுக்க நல்ல மூச்சோடு பேசிவந்த மனிதருக்கு அந்த ஒரு இடத்தில் மூச்சு இல்லாமல் போயிற்று. வெறும் சொல் மட்டும் வந்தது. ரயில் போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அன்று வழுக்கை என்று சிரித்த உதவி இயக்குநர் சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சௌமிக் வெளியே போனார். "மன்னிச்சுக்குங்க, உங்களை வீணா வரவச்சுட்டேன்" என்று அவர் வானொலிக்காரரிடம் சொல்வது கேட்டது. நான் அப்போதுதான் பிளேடைக் கீழே வைத்தேன். காலையிலிருந்து அது கையிலேயே இருந்திருக்கிறது.

எல்லா ஒலியும் சேர்த்து முடித்த பிறகு பவானி பாபு கேட்க வந்தார். படி ஏறக் கூடாதல்லவா, நாங்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி வந்தோம். "ஜமீன்தார் வேஷத்துலகூட எனக்குப் பல்லக்கு கொடுக்கலடா. பட்ஜெட் இல்லைன்னுட்டாங்க" என்றார். வயதானவர்கள் சரியான நேரத்தில் ஒரு ஜோக் அடித்துவிட்டால் தூக்குகிறவனுக்குக் கனம் தெரியாது.

படம் ஓடியது. முதல் 'ப்ஹாலோ' வந்தபோது அவர் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு படம் முடியும்வரை திரும்பவில்லை. விளக்கு போட்டதும், "இந்த மூச்சு யாரோடது?" என்று கேட்டார்.

"உங்களோடதுதான் பாபு. பேசி முடிச்சதும் விட்டீங்களே, அது."

"எங்க வச்சிருந்த?"

கூடையைக் காட்டினேன். நாற்காலியை அதன் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார். மிச்சம் தொங்கிய துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பழுப்பு நாடா. வேறொன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசில மட்டும் போடலையே?"

நான் நீரேன்தாவைக் கைகாட்டினேன்.

"போட மனசு வரல" என்றார் நீரேன்தா.

பவானி பாபு தலையாட்டினார். பிறகு, "நீரேன், உனக்குக் கண் ஆபரேஷன்னு கேட்டதுமே சந்தோஷமா ஓடி வந்தேன், தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"நீ விரல் தூக்கறதை நான் பாத்திருந்தேன்னா, முதல் நாளோட நின்னுருப்பேன். திரும்ப வந்திருக்க மாட்டேன்." என் பக்கம் கையை நீட்டினார். "இந்த மதராசிப் பயலுக்கு ஒண்ணும் கேக்காது. இவன் முன்னாடி நிக்கறப்ப எனக்கு நோயே இல்லடா. ஓகே பாபு, ஓகே பாபுன்னு சொல்லுவான். நானும் பழைய ஆளாட்டம் பேசிட்டுப் போவேன்."

என் திறமையை நம்பித்தான் வந்தார் என்று வீட்டில் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இருமினேன்.

அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. படம் தியேட்டருக்கு வந்தது அதன் பிறகுதான். கம்ப்யூட்டர் வந்தது, கூடை போனது, இரண்டாயிரத்துக்குப் பிறகு நானும் மௌசைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் வேலை என்று நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது அவர் அன்று கிளம்பிய நேரம்தான்.

நாற்காலியோடு கீழே இறக்கி, அவரை டாக்சிக்குள் உட்காரவைத்தோம். மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூச்சு அடங்கும்வரை டிரைவர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார்.

"போலோனி, அந்தக் கடைசி வசனத்தை உங்க பாஷையில எப்படிச் சொல்லுவீங்க?"

"நல்லா இருங்கன்னு சொல்லுவோம் பாபு. ஆனா பெரியவங்க சின்னவங்களுக்குச் சொல்றதுன்னா 'நல்லா இரு' போதும்."

"இதுல மூச்செழுத்து எது?"

"இதுல இல்ல."

"வேற எதுல இருக்கு?"

"எதுலயும் இல்ல பாபு. எங்க பாஷையிலயே கிடையாது. மூணு புள்ளி வச்ச எழுத்து ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்துல எழுதிப் பழகுனதோட சரி. அப்புறம் நான் அதைப் பாக்கவே இல்ல."

"ஒண்ணுகூடவா இல்ல?" என்றார். இவ்வளவு நாள் யாரும் தன்னிடம் இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டது மாதிரி பார்த்தார். பிறகு மேடையில் ஏறுவதற்கு முன்னால் செய்வது மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"நல்லா இரு" என்றார்.

'ல்லா' நீண்டு வந்தது. 'ரு' உதட்டில் வட்டமாக முடிந்தது. குறையொன்றும் இல்லை. இந்தப் பாஷையில் எனக்குக் காது உண்டு.

"சரியா வந்துதா?" என்று கேட்டார். "இன்னொண்ணு எடுக்கணுமா?"

"வேண்டாம் பாபு. ஓகே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.